ராமாத்தா சத்தியம்

புளியங்காட்டுப்பாளையத்தில் யாராவது கூசாமல் பொய் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள், "ஆமாமா, ராமாத்தா சத்தியம்!" என்று சொல்லிச் சிரிப்பார்கள். குடிகாரன் இனிமேல் கள்ளைத் தொடமாட்டேன் என்றால் அது ராமாத்தா சத்தியம். சந்தையில் கிழட்டு ஆட்டை நிறுத்திக்கொண்டு போன மாசம் போட்ட குட்டி என்று ஒருவன் சாதித்தால் அதுவும் ராமாத்தா சத்தியம். பத்துப் பன்னிரண்டு வருசத்தில் அந்தப் பேச்சு ஊரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ராமாத்தாள் என்று ஒருத்தி உயிரோடு நடமாடுகிறாள் என்று தெரியாமலே சின்னப் பிள்ளைகள் அதைச் சொல்லி விளையாடும். அவள் விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருப்பாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இத்தனைக்கும் அந்த ஊரில் பொய் சொல்லத் தெரியாத பொம்பளை ஒருத்தி இருந்தாள் என்றால் அது அவள்தான். கல்யாணமான புதிதில் மாமியார், "சோறு எப்படி இருக்குது?" என்று கேட்டதற்கு, "கொழஞ்சு போச்சுங்க அத்தை" என்று சொல்லிவிட்டாள். சோறாக்கியது மாமியார். அன்றைக்கு வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. புருசன் செங்கோடன் விழுந்து விழுந்து சிரித்தான். "இவ வாயில பொய் வராது, வந்தாலும் வழுக்கி உழுந்துரும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

செங்கோடன் என்று அவனுக்குப் பேர் வைத்ததே திருச்செங்கோட்டு மலைக்கு நேர்ந்துகொண்டுதான். கல்யாணமான வைகாசியில் முதல்முறையாக அவளை மலைக்குக் கூட்டிப்போனான். மலை ஏன் செக்கச்செவேல் என்று இருக்கிறது என்பதற்கு வழியெல்லாம் கதை. ஆதிசேசனுக்கும் வாயு பகவானுக்கும் யார் பெரியவர் என்று சண்டை வந்ததாம். சேசன் மேரு மலையை இறுக்கிப் பிடிக்க, வாயு ஒரே ஊதாக ஊத, மலையில் ஒரு துண்டு சேசன் தலையோடு பிய்ந்து இங்கே வந்து விழுந்ததாம். அந்த ரத்தம்தான் இந்தச் சிவப்பு. பாதி மலையில் பாறையோடு பாறையாக, அறுபதடி நீளத்தில் படமெடுத்துப் படுத்திருக்கும் நாகத்தைக் காட்டினான். உடம்பெல்லாம் குங்குமமாக இருந்தது. எந்தக் காலத்தில் எந்தக் கை அதைச் செதுக்கியது என்று அவள் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாரும் இருந்ததாகவும் தெரியவில்லை.

அதைத் தாண்டி மேலே போனால் அறுபதாம் படி. அறுபது கருங்கல் படிகள், செங்குத்தாக ஏறும். ராசாக்கள் காலத்திலிருந்து தீராத வழக்கெல்லாம் தீருகிற இடம் அது. படியில் கற்பூரத்தைக் கொளுத்திவைத்து, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்து ஒருவன் சத்தியம் செய்துவிட்டால் அப்புறம் பேச்சில்லை. வெள்ளைக்காரன் கோர்ட்டுக் கச்சேரியே அந்தச் சத்தியத்துக்குத் தலைவணங்கியது என்பார்கள். காரணம் மேலே இருக்கிற சாமி. வலப்பக்கம் அப்பன், இடப்பக்கம் ஆத்தா. வலப்பக்கத்துக்கு வேட்டி, இடப்பக்கத்துக்குச் சேலை.

"ஒரே ஒடம்புல ரெண்டு பேரு இருக்கறாங்க பாரு" என்றான் செங்கோடன். "அதனால இந்தச் சாமி ரெண்டு பக்கத்து நாயத்தையும் ஒண்ணாக் கேக்கும். ஒருபக்கமாச் சாயாது."

அன்றைக்குச் சாமியின் இடப்பக்கத்தில் அரக்குச் சேலை. ராமாத்தாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலடியில் ஊறுகிற தீர்த்தத்தைக் கையில் ஊற்றியபோதும் கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் பத்து நாளைக்கு அந்தச் சேலையைப் பற்றித்தான் பேச்சு.

பதினோரு வருசம் நன்றாகத்தான் போயிற்று. பெருமாயி என்று ஒரே ஒரு பெண் பிறந்தது. மாமனார் வெட்டிய கிணற்றில் மாடு கட்டி இறைக்கிற கவலை இரண்டு. மாட்டைப் பூட்டிச் சாலில் தண்ணீர் இறைப்பதற்கு அண்ணனுக்கு மூன்று நாள், தம்பி சென்னிமலைக்கு மூன்று நாள் என்று முறை. சண்டை சச்சரவு கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றாம் வருசம் ஐப்பசியில் வாந்திபேதி வந்தது. செங்கோடன் காலையில் படுத்தான், மறுநாள் மத்தியானம் போய்விட்டான். போவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒட்டிப்போன வாயைத் திறந்து அவளிடம், "கெணத்துப் பங்க உட்டுறாத. பெருமாயிக்கு ஆகும்" என்றான். மாமியார் முன்னமே போய்ச் சேர்ந்திருந்தாள், பெருமாயியை அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தது; வீட்டில் வேறு யாரும் இல்லை. நோய்க்குப் பயந்து எவரும் வாசல்படி மிதிக்கவில்லை.

மூன்றாம் மாசம் சென்னிமலை வேறு விதமாகப் பேசினான். ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று, "அண்ணன் எங்கிட்டச் சொன்னாருங்க. எனக்கென்ன பையனா இருக்கறான், எம்பட மொறத் தண்ணியையும் நீயே எறச்சுக்கடான்னு சொன்னாரு" என்றான். அவன் கெட்டவன் இல்லை. மூன்று ஆண் பிள்ளைகளைப் பெற்று வைத்துக்கொண்டு, நாளைக்கு எவனோ ஒரு மருமகன் வந்து தன் அப்பன் வெட்டிய கிணற்றில் கவலை பூட்டுவானே என்று நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டவன். ஆசை வந்தால் நாக்கு அதன் பின்னாலேயே போகும்.

ராமாத்தாள் முன்னால் வந்தாள். "பொய்யிங்க. எங்கூட்டுக்காரரு கடைசியாப் பேசினதே கெணத்தப் பத்தித்தானுங்க. உட்டுறாத, பெருமாயிக்கு ஆகும்னு சொன்னாருங்க."

"அவஞ் சொல்றதுக்கும் சாச்சி இல்ல, நீ சொல்றதுக்கும் சாச்சி இல்ல. செத்தவன எழுப்பியா கேக்க முடியும்?" என்றார் ஊர்க்கவுண்டர்.

அப்போது அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பாதித் தண்ணீர் இல்லாவிட்டால் கால் தண்ணீர் என்று பெரியவர்கள் பேசி முடித்திருப்பார்கள். ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. உண்மை தன் பக்கம் இருந்தால் உலகமே தன் பக்கம் என்று நினைத்துவிடுவார்கள்.

"மலைக்குப் போலாமுங்க" என்றாள். "அறுவதாம் படியில கப்பூரத்தக் கொளுத்தி வெச்சு நாஞ் சத்தியம் பண்றேனுங்க."

சென்னிமலை தலையைக் குனிந்துகொண்டான். ஊர்க்கவுண்டர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி. ஆனா ஒண்ணு. சத்தியம் பண்ணின நாள்லருந்து ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு, பாக்கோணும். அதுக்குள்ள உங்கூட்டுல மனுசருக்கோ மாட்டுக்கோ ஒண்ணு ஆச்சுன்னா சாமி உஞ் சத்தியத்த ஒத்துக்கலைன்னு அர்த்தம். கெணறு அவனுக்கு. ஒண்ணும் ஆகலைன்னா உனக்கு. சம்மதமா?"

"ஒரு மண்டலம் எதுக்குங்க? ஒரு வருசமே வெச்சுக்கங்க" என்றாள் ராமாத்தாள்.

மாசி முதல் தேதி, பத்துப் பேர் சாட்சியாகக் கூட வர, அடிவாரத்தில் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரச்சேலையோடு ஏறினாள். அறுபதாம் படியில் கற்பூரம் எரிந்தது. "எம் புருசன் சாகும்போது கெணத்துப் பங்கு எம் புள்ளைக்குன்னு சொன்னது நெசம்" என்று சொல்லி, உள்ளங்கையால் நெருப்பை அழுத்தி அணைத்தாள். கை கொப்பளித்தது. அது அவளுக்கு உறைக்கவே இல்லை. மேலே போய்ச் சாமியைக் கும்பிட்டபோது இடப்பக்கத்தில் மஞ்சள் சேலை. ஆத்தா தன்னைப் பார்த்துத் தலையசைத்த மாதிரி இருந்தது என்று பிற்பாடு மகளிடம் சொன்னாள்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே பயம் பிடித்துக்கொண்டது.

சத்தியத்தின் மேல் பயம் இல்லை. நாற்பத்தெட்டு நாள் என்பது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு வீட்டில் நாற்பத்தெட்டு நாளில் என்னதான் நடக்காது? பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். தேள் கொட்டும். மாடு நொண்டும். எது நடந்தாலும் அது இனிமேல் வெறும் காய்ச்சலும் தேளும் அல்ல. அவள் சுவரில் நாளுக்கு ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்தாள். பெருமாயியைப் படியிறங்க விடவில்லை. புளியமரத்தடிக்குப் போகாதே, ஓடாதே, சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிக்காதே. ஏழு வயசுப் பிள்ளை மூலையில் உட்கார்ந்து உட்கார்ந்து வெளுத்துப்போயிற்று. மேய்ச்சலுக்குப் போனால் பாம்பு கடிக்கும், பள்ளத்தில் விழும் என்று இரண்டு எருதுகளையும் கட்டுத்தரையிலேயே கட்டிப்போட்டாள். வேளாவேளைக்கு உலர்ந்த சோளத்தட்டு, தண்ணீர். வெளியே ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் கெட்டது நினைக்கவில்லை. வேடிக்கைதான் பார்த்தார்கள். எதிரே வருகிறவர்கள், "எத்தன நாளாச்சு ராமாத்தா?" என்று கேட்பார்கள், பிள்ளைத்தாச்சியிடம் மாசம் கேட்பது போல.

பங்குனியில் ஒரு கோடை மழை பெய்தது. தை அறுவடையில் அறுத்துவிட்ட சோளக்காட்டில் அடிக்கட்டை எல்லாம் துளிர்த்து, பச்சைப்பசேல் என்று மறுதாம்பு கிளம்பியது. மழை ஒன்றோடு நின்றது. வெயில் காய்ந்தது. வாடிய மறுதாம்பு மாட்டுக்கு விசம். அந்தச் சீமையில் பால் மணம் மாறாத பிள்ளைக்கும் அது தெரியும்.

நாற்பத்தாறாம் நாள் மத்தியானம். குடிதண்ணீர் எடுத்துவரப் போயிருந்தாள். நாற்பத்தாறு நாளாகப் பச்சையையே பார்க்காத செவலை எருது, காற்றில் வந்த வாசனைக்கு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. மேய்ச்சலுக்குப் போய் வருகிற மாடாக இருந்திருந்தால் இரண்டு வாய் கடித்துவிட்டுத் திரும்பியிருக்கும். இது பேய்பிடித்த மாதிரித் தின்றது. ராமாத்தாள் குடத்தோடு வரும்போது வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, காட்டு நடுவில் விழுந்து கிடந்தது. குடத்தைப் போட்டுவிட்டுக் கத்தினாள்.

முதலில் ஓடி வந்தவன் சென்னிமலைதான். மூங்கில் குழாயால் கருப்பட்டி கரைத்த தண்ணீரை எருதின் வாயில் ஊற்றினான். கழுத்தைத் தடவிக்கொண்டு, "எந்திரி சாமி, எந்திரி சாமி" என்று மாட்டைக் கெஞ்சினான். பொழுது சாய்வதற்குள் எருது செத்துப்போயிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, இன்னும் இரண்டே இரண்டு புள்ளி.

போன வருசம் ஊர்க்கவுண்டர் மாடே மறுதாம்பு மேய்ந்துதான் செத்தது. அப்போது யாரும் ஊர்க்கவுண்டர் என்ன பொய் சொன்னார் என்று கேட்கவில்லை. அப்போது அது மறுதாம்பு. இப்போது அது சாமி. என்ன கொடுமை பாருங்கள், இதை எடுத்துச் சொல்ல அந்த ஊரில் ஒரு வாய் இல்லை. ராமாத்தாளின் வாயும் இல்லை. பேசச் சொல்லி ஊர்க்கவுண்டர் கேட்டபோது அவள், "கெணத்த அவிங்களுக்கே குடுத்துருங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஏன் என்றால் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. படி பொய்யாகாது. அது அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்து, ராசாக்களுக்கு முன்னாலிருந்து, பொய்யே ஆனதில்லை. அப்படியானால் எங்கேயோ தான்தான் தப்பு. அவர் சொன்னாரா? சொன்ன மாதிரிதான் இருந்தது. இல்லை, சொல்ல வேண்டும் என்று நான் ஏங்கினதை அவர் சொன்னதாக வைத்துக்கொண்டேனா? நினைக்க நினைக்க அந்த மத்தியானம் தேய்ந்துகொண்டே போயிற்று. முதலில் செங்கோடனுடைய குரல் மறந்தது. பிறகு அந்த முகம். கடைசியில் அவன் வாயைத் திறந்தானா என்பதே தெரியவில்லை. புருசனை அவள் இரண்டாம் முறையாகப் பறிகொடுத்தது அப்போதுதான்.

தண்ணீரில்லாத தோட்டம் மானாவாரிக் காடாயிற்று. மிச்சமிருந்த ஒற்றை எருதை விற்றாள். மற்றவர்கள் தோட்டத்தில் களை வெட்டினாள், கடலைக்காய் பிடுங்கினாள். யாரும் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் எங்கேயாவது ஒரு பேச்சு வந்து, "நானும் பாத்தேனுங்க" என்று அவள் ஆரம்பித்தால் எல்லோருடைய கண்ணும் வேறு பக்கம் போய்விடும். சிறிது நாளில் அவள் எதையும் பார்த்ததாகச் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

மலைக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. வருசா வருசம் வைகாசி விசாகத்துக்கு மகளோடு நடந்தே போவாள். நாகத்துக்குக் குங்குமம் வைப்பாள். அறுபதாம் படிக்குக் கீழே வந்ததும் ஒரு பாறையோரமாக உட்கார்ந்துகொள்வாள். பெருமாயி மட்டும் ஏறிப்போய்ச் சாமி கும்பிட்டு, திருநீறும் தீர்த்தமும் கொண்டுவருவாள். கொண்டுவந்ததும் ராமாத்தாள் கேட்பது ஒரே கேள்விதான்: "சாமிக்கு இன்னிக்கி என்ன சேல?" மகள் சொல்கிற நிறத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்திருப்பாள். வெயிலென்றாலும் மழையென்றாலும் அதே பாறை. பெருமாயியை எடப்பாடிப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகும் மகள் அதற்கென்றே வந்து கூட்டிப்போனாள்.

நாற்பத்தைந்தாம் வருசக் கடைசியில் சென்னிமலைக்குக் காச நோய் முற்றியது. ஒருநாள் காலையில் ஆள் விட்டு அவளைக் கூப்பிட்டனுப்பினான். கயிற்றுக் கட்டிலில் எலும்பாகக் கிடந்தான். அண்ணன் பெண்டாட்டியை அந்தப் பக்கத்தில் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நங்கை," என்றான், "அண்ணன் எங்கிட்ட அப்படிச் சொல்லவே இல்ல. கெணத்து மேல ஆசப்பட்டு நாந்தான் சொன்னேன்."

ராமாத்தாள் விலகிக் கிடந்த போர்வையை இழுத்து அவனுக்குப் போர்த்திவிட்டாள்.

"உம்பட மாடு செத்தப்ப எனக்கே கொல நடுங்கிப் போச்சு. பொய் சொன்னவன் நானு, சாமி உன்னைய அடிச்சுதே. அப்பற யோசிச்சு யோசிச்சு, அண்ணன் சொல்லித்தான் இருப்பாருன்னு நானே நம்பிட்டேன். பத்து வருசம் நம்பினேன். இப்பச் சாகற நேரத்துல அந்த நம்பிக்க உட்டுப்போச்சு. தண்ணிய நீ எடுத்துக்க நங்கை. பசங்ககிட்டச் சொல்லிட்டேன்."

அவள் குனிந்து அவன் நெற்றியில் கை வைத்தாள். காய்ச்சல் கொதித்தது. "எந்த மாட்டக் கட்டி எறைக்கறது?" என்றாள். பிறகு, "போற காலத்துல எனக்காகப் பொய் சொல்லிப் பாவத்தத் தேடிக்காத தம்பி. அன்னிக்கே சாமி சொல்லிருச்சு. நாந்தான் தப்பு" என்றாள்.

"அய்யோ, நெசம் நங்கை! சத்தியமா நெசம்!"

அவனுக்கு இருமல் வந்துவிட்டது. அவள் தண்ணீர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். நாலாம் நாள் அவன் செத்துப்போனான். பன்னிரண்டு வருசம் பொய்யை நம்பிய ஊர், அவன் கடைசியாகச் சொன்ன உண்மையை, "காச்சல்ல பெனாத்தினான்" என்று தள்ளிவிட்டது. பேச்சு மாறவே இல்லை. ராமாத்தா சத்தியம், ராமாத்தா சத்தியமாகவே இருந்தது.

பெருமாயி மட்டும் நம்பினாள். அடுத்த வைகாசிக்கு இடுப்பில் பிள்ளையோடு வந்து, "இந்த வருசம் நீ மேல வார" என்று அம்மாவை அடம்பிடித்து அழைத்துப்போனாள். அறுபதாம் படிக்குக் கீழே வந்ததும் ராமாத்தாளின் கால் பழக்கத்தில் பாறைப் பக்கம் திரும்பியது. பெருமாயி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறும்மா. சித்தப்பனே சொல்லிட்டாரு. நீ சொன்னது பொய்யில்லைன்னு ஆயிப்போச்சு."

ராமாத்தாள் ஒரு காலைத் தூக்கினாள். முதல் படிக்கும் தரைக்கும் நடுவில் அந்தக் கால் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தரைக்கே வந்தது.

"நாஞ் சொன்னது பொய்யின்னா இந்தப் படியில கால் வெக்க எனக்கு யோக்கியத இல்ல" என்றாள். "நாஞ் சொன்னது நெசமின்னா, அப்பறம் இந்தப் படிக்குச் சத்தியமில்ல. சத்தியமில்லாத படியில ஏறிப்போயி நான் ஆரப் பாக்கறது? நீயே சொல்லு கண்ணு."

கூட்டம் கோவிந்தா, அரோகரா என்று இருவரையும் இடித்துக்கொண்டு ஏறிப்போய்க்கொண்டிருந்தது. அம்மா பாறையோரமாக உட்கார்ந்துவிட்டாள். மகள் அழுதுகொண்டே தனியாக ஏறினாள்.

மேலே நெருக்கித் தள்ளினார்கள். பிள்ளை வீறிட்டது. கண்ணில் நீர் மறைக்க, தீபாராதனையில் ஒரு வெளிச்சம் தெரிந்ததோடு சரி. திருநீற்றை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கி வந்தாள். ராமாத்தாள் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டாள். பேரப்பிள்ளைக்கும் ஒரு கீற்று இட்டாள்.

"சாமிக்கு இன்னிக்கி என்ன சேல?"

"பச்சைம்மா" என்றாள் பெருமாயி.

ராமாத்தாள் கண்ணை மூடவில்லை. மகள் முகத்தையே பார்த்தாள்.

"நெசமாப் பாத்தியா? பாக்காததப் பாத்தேன்னு சொல்லாத கண்ணு. மலையில நின்னு பொய் பேசக்கூடாது."

பெருமாயி பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். இருவரும் இறங்கத் தொடங்கினார்கள்.